42 வயதில் உதவிப் பேராசிரியர் வேலை: ஓர் இன்வெர்ட்டர் பொறியாளரின் கடிதமும் பதிலும்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். வயது 42. மோட்டார் டிரைவும் இன்வெர்ட்டரும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகளாக டிசைன் வேலை. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக மின்பொறியியலில் பிஎச்.டி. முடித்திருக்கிறார். இப்போது ஒரு பல்கலைக்கழகம் உதவிப் பேராசிரியர் பதவி தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆறு ஆண்டு வேலை, முடிவில் பரிசீலனை, தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். சம்பளம் இப்போது வாங்குவதைவிட நன்றாகவே குறைவு. பதில் சொல்ல மூன்று வார அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

"முப்பது வயதுப் பிள்ளைகளோடு இந்த வயதில் நானும் முதல் படியில் நிற்பதா?" என்று கேட்கிறார். வாரத்துக்கு இரண்டு பாடம்தான் என்பதால் வீட்டில் பிள்ளைகளோடு நேரம் கிடைக்கும் என்று நம்புகிறார். பிஎச்.டி. வழிகாட்டியோடு சேர்ந்து நான்கு கட்டுரை எழுதியிருக்கிறார், அவரோடே தொடர்ந்து எழுதினால் எண்ணிக்கைக்குப் பஞ்சம் இருக்காது என்பது கணக்கு. அலுவலக வேலைக்கு நடுவே தோன்றிய ஒரு கேட் டிரைவர் (இன்வெர்ட்டருக்குள் இருக்கிற ஸ்விட்சுகளை ஆன், ஆஃப் செய்யும் சுற்று) யோசனை நோட்டுப் புத்தகத்தில் கிடக்கிறது, நிறுவனம் அதைக் கண்டுகொள்ளவில்லை, புது இடத்தில் முதல் ஆராய்ச்சியே அதுதான் என்று முடிவு செய்திருக்கிறார். கடைசியாக, எல்லோரும் ஏஐ பக்கம் ஓடும்போது பவர் எலக்ட்ரானிக்ஸிலேயே (மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுற்றுகளின் துறை) இருப்பது சரியா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் வயதைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் இருக்கிறது, கேட் டிரைவர் யோசனையைப் பற்றி மூன்றே வரி. எனக்கு அந்த மூன்று வரிதான் கவலையாக இருக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் வயதை முடித்துவிடலாம்.

நீங்கள் இன்வெர்ட்டர் கன்ட்ரோல் எழுதும்போது மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தை ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டாக மாற்றுகிறீர்களே, அந்தக் கிளார்க் மாற்றத்துக்குச் சொந்தக்காரரான எடித் கிளார்க் 1919இல் எம்ஐடியில் மின்பொறியியல் முதுநிலைப் பட்டம் வாங்கினார், அங்கே அதை வாங்கிய முதல் பெண் அவர்தான், அதற்குப் பிறகும் பொறியாளர் வேலை உடனே கிடைக்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் மின்கடத்தல் கணக்குகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு 1945இல் ஓய்வு பெற்றார். 1947இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராகச் சேரும்போது அவருக்கு வயது 64. அங்கே பல ஆண்டுகள் கற்பித்தார். இந்தியக் கடற்படையில் சோனார் வேலை பார்த்துவிட்டு ஆரோக்கியசாமி பால்ராஜ் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனபோது அவரும் 45ஐத் தாண்டியிருந்தார். இன்று வைஃபையிலும் 4ஜியிலும் இருக்கிற மைமோ உத்திக்கான (பல ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறும் முறை) அவருடைய காப்புரிமை அதற்கு அப்புறம் வந்ததுதான்.

இவர்கள் எல்லோரும் விதிவிலக்கு என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் நியமனக் குழுக்களில் நான் பார்த்தவரை, தொழிற்சாலையில் இருந்து வருகிறவரிடம் யாரும் வயதைக் கேட்டு நிற்பதில்லை, "உங்கள் பெயரில் என்ன ஆராய்ச்சி நிற்கப்போகிறது?" என்றுதான் கேட்கிறார்கள். வயதால் வரும் உண்மையான சிக்கல் வேறு. ஆறு ஆண்டு முடிவில் தேறாவிட்டால் உங்களுக்கு 48 ஆகியிருக்கும். மற்ற பல துறைகளில் இது பயப்பட வேண்டிய விஷயம், உங்கள் துறையில் அவ்வளவு இல்லை, ஏனென்றால் மின்சாரத்தை வடிவம் மாற்றும் கன்வெர்ட்டரைக் கையால் கட்டத் தெரிந்தவர்களைத் தொழிற்சாலைகள் எப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டால் திரும்பிப் போகும் வழி அடைபடாது.

வாரத்துக்கு இரண்டு பாடம் என்ற கணக்கு

இது தவறான கணக்கு, வருத்தமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் முறை எடுக்கிற பாடத்துக்கு ஒரு மணி நேர வகுப்புக்குத் தயாராக ஒரு நாள் முழுக்கப் போய்விடும். தூண்டல் மோட்டாரை நீங்கள் கரைத்துக் குடித்திருக்கலாம், ஆனால் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஸ்லிப் என்றால் என்ன என்று தொடங்கி சமானச் சுற்று வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு வேலை. அதோடு வினாத்தாள், விடைத்தாள், ஆய்வகப் பயிற்சி, துறைக் குழுக்கள், மாணவர் ஆலோசனை, அடுத்தவர் கட்டுரைகளுக்கு மதிப்புரை எல்லாம் வரும். இவை எதுவும் வேலை ஒப்பந்தத்தில் மணிக்கணக்கோடு எழுதப்பட்டிருக்காது.

இவை போக நிதி விண்ணப்பம் எழுத வேண்டும், மாணவர்களைச் சேர்க்க வேண்டும், ஆய்வகத்தைக் கட்ட வேண்டும். மின்பொறியியல் பேராசிரியர் வேலையின் முதல் சில ஆண்டுகள் ஒரு சிறு தொழிலைத் தொடங்குகிறவருடைய ஆண்டுகள் மாதிரிதான் இருக்கும். ஓய்வைத் தேடி இதற்குள் வருகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே கசந்துபோகிறார்கள். பிள்ளைகளோடு இருக்கும் நேரம் கூடுமா என்றால், மொத்த மணி கூடாது, எந்த மணியில் வேலை செய்வது என்பதை நீங்களே ஓரளவு முடிவு செய்யலாம். பள்ளி விழாவுக்கு மதியம் போய்விட்டு இரவு பதினொரு மணிக்குக் கட்டுரை திருத்தலாம். சில குடும்பங்களுக்கு அதுவே பெரிய விடுதலை, சிலருக்கு வீடே அலுவலகமாகிவிடும். உங்கள் வீடு எப்படிப்பட்டது என்று உங்கள் கணவரோடும் பிள்ளைகளோடும் இப்போதே பேசிவிடுங்கள்.

கற்பிப்பதை ஆராய்ச்சிக்கு எதிரியாக நினைத்துவிடவும் வேண்டாம். கலிஃபோர்னியாவில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ விட்டர்பி, கன்வல்யூஷன் கோடுகளை (தகவல் அனுப்பும்போது வரும் பிழைகளைத் திருத்த உதவும் குறியீடுகள்) மாணவர்களுக்கு எளிதாகப் புரியவைக்க ஒரு வழி தேடியதில் பிறந்ததுதான் 1967இல் அவர் வெளியிட்ட விட்டர்பி அல்காரிதம். பாடத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்ட நேரம் வீணாகவில்லை.

ஆறு ஆண்டு, உண்மையில் எத்தனை

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். பரிசீலனைக் கோப்பு பெரும்பாலும் ஐந்தாம் ஆண்டு முடியும்போதோ ஆறாம் ஆண்டு தொடக்கத்திலோ போய்விடும். முதல் ஆண்டு மாணவர் தேடுவதிலும் ஆய்வகத்துக்கு ஆர்டர் போடுவதிலும் போகும். சேர்ந்த மாணவருக்குச் சிமுலேஷனும் பலகை டிசைனும் பழக ஒரு வருடம் ஆகும். ஆக, சொல்லிக்கொள்கிற மாதிரியான முதல் பரிசோதனை முடிவு மூன்றாம் ஆண்டில்தான் வரும், அதை எழுதி அனுப்பி மதிப்புரை, திருத்தம், மறு திருத்தம் என்று பல மாதம் ஓடும். உங்கள் பெயரைத் தாங்கப்போகிற வேலைக்கு உண்மையில் கிடைப்பது இரண்டு, இரண்டரை ஆண்டுதான்.

அதனால் முதல் ஆண்டைக் கெடுக்கிற எதையும் இப்போதே தடுக்க வேண்டும். கோட்பாடு மட்டும் எழுதுகிறவருக்கு மேசையும் கணினியும் இருந்தால் வேலை ஓடிவிடும், உங்கள் கதை அப்படி இல்லை. சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் என்ற வேகமான மின்னணு ஸ்விட்ச் சில பத்து நானோ விநாடிக்குள் ஸ்விட்ச் ஆகிவிடுகிறது, இரண்டு துடிப்பு கொடுத்து அதைச் சோதிக்கும் டபுள் பல்ஸ் சோதனையில் அந்த விளிம்பை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் நல்ல பேண்ட்வித் உள்ள ஆசிலோஸ்கோப்பும், மேல் பக்க கேட் வோல்டேஜை அளக்க ஆப்டிகல் தனிமைப்படுத்தல் உள்ள புரோபும் வேண்டும். அந்த ஒரு புரோபின் விலையே சிறிய தொடக்க நிதியில் பெரிய துண்டைத் தின்றுவிடும். அப்புறம் உயர் வோல்டேஜ் டிசி சப்ளை, லோடு, பாதுகாப்பு இன்டர்லாக், சப்ளையை நிறுத்திய பிறகும் சார்ஜ் நிற்கிற டிசி லிங்க் கெபாசிட்டர்களைக் காலி செய்ய ஏற்பாடு, தனியாள் வேலை செய்யக்கூடாது என்ற விதி, இவற்றுக்கெல்லாம் பாதுகாப்புக் குழுவின் அனுமதி.

தருவதாகச் சொன்ன அறையை நேரில் போய்ப் பாருங்கள். மூன்று ஃபேஸ் லைன் இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் பிரேக்கர், குளிர்விக்கத் தண்ணீர் வசதி உண்டா, பக்கத்து அறையில் யாராவது நுண்ணிய அளவீடு செய்கிறார்களா (உங்கள் இன்வெர்ட்டர் இரைச்சலால் அவர்கள் முதல் வாரமே புகார் கொடுப்பார்கள்). புது லைன் இழுக்க வேண்டும் என்றால் கட்டடப் பிரிவு அதற்கு ஒரு வருடம் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது, அந்த ஒரு வருடம் உங்கள் இரண்டரை வருடத்திலிருந்து போவது.

வழிகாட்டியோடு எழுதுவது

உங்கள் வழிகாட்டி நல்லவர், உங்களுக்கு உதவ நினைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் பரிசீலனையில் வெளியிலிருந்து கடிதம் கேட்பார்கள், அந்தக் கடிதம் எழுதுகிறவர் உங்களோடு கட்டுரை எழுதாதவராக, உங்களுக்குப் பாடம் சொல்லித்தராதவராக இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. அவரால் உங்களுக்காக அந்தக் கடிதத்தை எழுத முடியாது. எழுதப்போகிறவர்களோ உங்கள் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் அவர் பெயர் இருந்தால், "இதில் இவருடையது எது?" என்றுதான் கேட்பார்கள்.

எண்ணிக்கை ஒரு அளவுக்கு வேண்டும்தான், அது இல்லாமல் கோப்பு மேலே நகராது. ஆனால் கன்வெர்ட்டர் மாடலிங் படித்த உங்களுக்கே தெரியும், ஸ்டேட் ஸ்பேஸ் ஆவரேஜிங் (கன்வெர்ட்டரின் ஸ்விட்ச் நிலைகளைச் சராசரியாக்கி மாடல் செய்யும் முறை) என்று நாம் பாடமாக நடத்துவது அமெரிக்காவின் கால்டெக்கில் மிடில்புரூக்கும் அவருடைய மாணவர் சூக்கும் 1976இல் ஒரு மாநாட்டில் வைத்த கட்டுரையிலிருந்து வந்தது. துறையையே மாற்றிய ஒரு வேலைக்கு மாநாட்டுக் கட்டுரை போதுமானதாக இருந்தது. பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடும் பத்திரிகைகளில் பத்து கட்டுரை போட்டு வைத்தால் அது உதவாததோடு கோப்பைப் பார்க்கிறவர் முகமும் சுளிக்கும்.

வழிகாட்டியிடம் நேராகப் பேசிவிடுங்கள். பழைய ஆராய்ச்சியில் மிச்சமிருக்கிற ஒன்றிரண்டை அவரோடு முடித்துக் கொடுத்துவிட்டு, புதியதை உங்கள் மாணவரோடு மட்டும் எழுதப்போவதாகச் சொல்லுங்கள். மாணவர் பெயர் முதலில், உங்கள் பெயர் கடைசியில் என்பது நம் துறையின் வழக்கம், அந்தக் கடைசி இடம்தான் குழுவை நடத்துகிறவரின் இடம். மரியாதைக்காகப் பெயர் சேர்ப்பதை மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ டிரிபிள் ஈ விதிகளே ஒத்துக்கொள்வதில்லை: அறிவுப் பங்களிப்பு இருக்க வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். மூன்றும் வேண்டும். நல்ல வழிகாட்டி இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார், தன்னிடம் படித்தவர் தனியாக நிற்பதைப் பார்க்கத்தானே அவரும் இத்தனை ஆண்டு உழைத்திருக்கிறார்.

அந்த நோட்டுப் புத்தகம்

"நிறுவனம் கண்டுகொள்ளவில்லை, அதனால் அது என்னுடையதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனம் ஒரு யோசனையைப் பயன்படுத்தாமல் விட்டது என்பதாலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடாது. வேலைக்காலத்தில், வேலை சம்பந்தமாகத் தோன்றிய கண்டுபிடிப்பு நிறுவனத்துக்கே என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கு நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் பெரும்பாலும் இருக்கும். சில ஒப்பந்தங்களில் விலகிய பிறகும் சில மாதங்களுக்குள் தோன்றுவது அவர்களுடையதே என்றும் எழுதியிருப்பார்கள். அலுவலகச் சோதனைப் பலகையில் எடுத்த அலைவடிவம் ஒன்று உங்கள் நோட்டில் ஒட்டியிருந்தால் ரகசியத் தகவல் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு பக்கம் பல்கலைக்கழகம். அங்கே சேரும் நாளில் நீட்டுகிற தாள்களில் ஒன்று, அங்கே நீங்கள் கண்டுபிடிப்பதையெல்லாம் அவர்களுக்கு ஒப்படைக்கிறது. இரண்டு தாளிலும் ஒரே யோசனை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டுக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு நல்ல பாடம். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் தன் கண்டுபிடிப்புகளை ஒப்படைப்பதாகப் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அப்புறம் ஒரு நுட்பம் கற்றுக்கொள்ள இன்னொரு நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனபோது, உரிமையை அங்கேயே அப்போதே மாற்றித் தருகிற தாளிலும் கையெழுத்துப் போட்டார். அந்த உரிமைதான் பின்னால் ரோஷின் கைக்கு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 2011இல் பல்கலைக்கழகம் தோற்றது. நல்ல எண்ணத்தோடு போட்ட இரண்டு கையெழுத்துதான் அவ்வளவுக்கும் காரணம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், நான் வழக்கறிஞரும் இல்லை. அதனால் பழைய ஒப்பந்தத்தையும் புது ஒப்பந்தத்தின் வரைவையும் எடுத்துக்கொண்டு, காப்புரிமை பார்க்கிற வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த வாரமே போங்கள். அந்த யோசனை வேண்டும் என்றால் இப்போதைய நிறுவனத்திடம், "எங்களுக்கு இதில் உரிமை கோரும் எண்ணம் இல்லை" என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, உங்கள் மேலாளர் அடுத்த வருடம் அங்கே இருப்பாரா என்று யாருக்குத் தெரியும். அவர்கள் தர மறுத்தால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். கஷ்டம்தான், ஆனால் உங்கள் முதல் மாணவரின் நான்கு ஐந்து வருடப் பிஎச்.டி.யை வழக்கு வரக்கூடிய ஒன்றின் மேல் கட்டக்கூடாது, அந்தப் பிள்ளைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. விலகும்போது கோப்பு, ஸ்கிமேட்டிக், மின்னஞ்சல் எதையும் பிரதி எடுக்காதீர்கள். பதினைந்து டிசைன் தோற்றுப்போனதைப் பார்த்த அனுபவம் உங்கள் தலையில் இருக்கிறது, உங்களோடு சட்டப்படி வருவது அதுதான், உங்களை வேலைக்கு எடுப்பதும் அதற்காகத்தான்.

உரிமை உங்கள் பக்கம் தெளிவானால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் காப்புரிமை விண்ணப்பம், பிறகு கட்டுரை. ஐரோப்பாவில் நீங்களே எழுதிய கட்டுரைகூட முன்னால் வெளிவந்துவிட்டால் உங்கள் விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஒரு வருடம் சலுகை உண்டு. மாநாட்டுப் பேச்சும் போஸ்டரும் இதில் சேர்த்தி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர் ஜோஸ் மோராவும் அவருடைய மாணவர் காவ்சிச்சும் ஹார்டு டிஸ்க்கில் இருந்து தரவு வாசிக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார்கள், உரிமை பல்கலைக்கழகத்திடம் இருந்தது. மார்வெல் நிறுவனத்தோடு நடந்த வழக்கு 2016இல் 75 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்காது, ஆனால் காகிதம் ஒழுங்காக இருந்ததால்தான் அவர்களால் அவ்வளவு பெரிய நிறுவனத்தோடு மோத முடிந்தது.

ஏஐ பற்றி

துறையை மாற்றாதீர்கள். ஏஐ தரவு மையங்களுக்கே இப்போது பெரிய தலைவலி மின்சாரம்தான், அந்த சர்வர் அடுக்குகளுக்கு மின்சாரம் மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் உங்கள் துறையைச் சேர்ந்தது. மின்வாகனமும் சூரிய மின்சாரமும் இருக்கவே இருக்கின்றன. வேண்டுமானால் கருவியாகப் பயன்படுத்துங்கள், பெயர்ப்பலகையை மாற்றப்போய் பத்து வருடம் அதிலேயே ஊறியவர்களோடு போட்டி போடாதீர்கள்.

மூன்று வாரத்தில் செய்ய வேண்டியது

நான் உங்கள் இடத்தில் இருந்தால் போவேன், ஆனால் இப்போது கையில் இருக்கிற கடிதத்தை வைத்துக்கொண்டு போகமாட்டேன். பதவியை மறுப்பதற்கும் அப்படியே ஏற்பதற்கும் நடுவே பேரம் என்று ஒன்று இருக்கிறது, தொழிற்சாலையிலிருந்து வருகிறவர்கள் பல்கலைக்கழகத்தில் அதெல்லாம் பேசக்கூடாது என்று நினைத்து வாய் மூடிவிடுகிறார்கள். பேசலாம், பேச வேண்டும். சம்பளத்தில் அவர்களால் அதிகம் ஏற்ற முடியாமல் போகலாம். தொடக்க நிதி, முதல் ஆண்டில் ஒரே ஒரு பாடம், முதல் மாணவருக்கு உதவித்தொகை, ஆய்வக அறையும் மின் இணைப்பும் எந்தத் தேதிக்குள் தயார், தாமதமானால் ஆறு ஆண்டுக் கணக்கு எப்போதிலிருந்து தொடங்கும், வாரத்தில் ஒரு நாள் வெளி ஆலோசனை வேலைக்கு அனுமதி உண்டா, இவை எல்லாம் நியமனக் கடிதத்தில் எழுத்தாக வர வேண்டும். துறைத் தலைவர் "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அதையே ஒரு மின்னஞ்சலாகப் போட்டு உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.

கடந்த சில ஆண்டுகளில் அந்தத் துறையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நிரந்தரம் ஆனார்கள், ஆகாதவர்கள் ஏன் ஆகவில்லை என்று அங்கே இருக்கிற இளம் பேராசிரியர் இருவரிடமாவது தனியாகக் கேளுங்கள். பெண் பேராசிரியர் இருந்தால் அவரிடம் கட்டாயம் கேளுங்கள், மகப்பேறு விடுப்போ குடும்ப விடுப்போ எடுத்தவர்களுக்குக் காலக் கணக்கை நீட்டித்தார்களா என்பது அவருக்குத்தான் தெரியும். மூன்று வாரம் போதாது, இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று இன்றைக்கே எழுதிக் கேளுங்கள், வழக்கறிஞர் படிக்க வேண்டியிருக்கிறது என்று காரணத்தையும் சொல்லலாம், அதில் தப்பில்லை. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ பதிலும் திருத்திய நியமனக் கடிதமும் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம்.